பாராளுமன்றத்தில் எங்கள் கேள்வி: யாழ்ப்பாணத்தவர் அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மனு, கடிதம், தகவல் கோரிக்கை எழுத வருகிறவர்களுக்கு உதவி செய்து வருகிறேன். படகு, ரயில், மின்சாரம், வழக்கு என்று எதைப் பற்றி எழுத வந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "இதை எம்.பி. பாராளுமன்றத்தில் கேட்க மாட்டாரா?" கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எதை, எந்த அமைச்சரிடம், எந்த வடிவத்தில் கேட்பது என்பதில் பிழை விட்டால் நல்ல கேள்வியும் வீணாகிவிடும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். இதில் எந்தக் கட்சிக்கும் நான் வாக்குக் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு எத்தனை எம்.பி.க்கள்? நான் யாரிடம் போக வேண்டும்?

பாராளுமன்றத்தில் மொத்தம் 225 பேர். 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது. 2020 இல் இதற்கு 7 ஆசனங்கள் இருந்தன. 2024 நவம்பர் தேர்தலில் 6 ஆகக் குறைந்தது. அந்த 6 இல் தேசிய மக்கள் சக்தி 3, இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி 1, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 1, சுயேச்சைக் குழு 17 இற்கு 1.

நீங்கள் வாக்களித்தவரிடம்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆறு பேரில் எவரிடமும் போகலாம். வேறு மாவட்டத்து உறுப்பினரும் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்கலாம். விடயத்தைப் படித்துப் பார்த்து, பதில் வரும்வரை விடாமல் நிற்பவர் யார் என்று பார்த்துக் கொடுங்கள்.

எம்.பி. ஆவேசமாகப் பேசிய காணொளி முகநூலில் வந்தது. அதுதானே கேள்வி?

பெரும்பாலும் இல்லை. அது விவாதத்தில் ஆற்றிய உரையாக இருக்கும். உரையில் எழுப்பும் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். முன்னறிவித்தல் கொடுத்து, சபையின் அன்றாட நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகிய கேள்வியின் நிலைமை வேறு. அதற்கு இலக்கம் உண்டு, திகதி உண்டு, பொறுப்பான அமைச்சர் உண்டு. "வாய்மூல விடைக்கான வினா" என்று அதற்குப் பெயர். திணைக்களத்தில் ஓர் உத்தியோகத்தர் உட்கார்ந்து கோப்பைப் புரட்டி அதற்கு விடை எழுதியே ஆக வேண்டும். அந்த விடை ஹன்சாட் என்ற பாராளுமன்ற உரைப் பதிவில் ஏறிவிட்டால் பின்னர் சொல்லவில்லை என்று மறுப்பது கடினம்.

உரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மக்களின் துயரத்தை அந்தச் சபையில் உரத்துச் சொல்ல வேண்டிய நாட்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் ஒரு படகு ஏன் ஓடவில்லை என்று அறிய வேண்டுமானால் கேள்வியே வழி.

பத்திரிகையில் "27/2 இன் கீழ்" என்று போடுகிறார்களே, அது என்ன?

பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளின் ஒரு பிரிவு. கட்சித் தலைவர்கள் அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த விடயத்தைச் சபாநாயகரின் அனுமதியோடு எழுப்புவதற்கான வழி. சாதாரணக் கேள்வியைப் போல வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. கட்சித் தலைவர் அல்லாத உறுப்பினர் இதைப் பயன்படுத்த முடியாது என்பதால், உங்கள் விடயம் உண்மையிலேயே அவசரமானது என்றால் கட்சித் தலைவராக இருப்பவரிடம் கொண்டு போங்கள். பத்து வருடமாக உடைந்து கிடக்கும் வீதிக்கு இது பொருந்தாது.

கேள்வியைத் தமிழில் கொடுத்தால் எடுபடுமா?

எடுபடும். பாராளுமன்றத்தில் தேசிய மொழிகளில் எதிலும் கடமையாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புரை உறுப்பினர்களுக்குக் கொடுத்திருக்கிறது. சபையில் உடனடி மொழிபெயர்ப்பும் நடக்கிறது. சிக்கல் பதிலில்தான் வருகிறது. ஹன்சாட் பேசியவரின் மொழியிலேயே அச்சாகிறது. அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதில் சிங்களத்திலேயே இருக்கும். அதனால்தான் பல பதில்கள் யாழ்ப்பாணத்தில் எவராலும் வாசிக்கப்படாமலே போய்விடுகின்றன. எம்.பி.யின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள். அது அவர்கள் உங்களுக்குச் செய்யும் தயவு இல்லை, அவர்களுடைய கடமை.

"நெடுந்தீவு மக்கள் படகில்லாமல் கஷ்டப்படுகிறார்கள், அமைச்சர் நடவடிக்கை எடுப்பாரா" என்று எழுதிக் கொடுத்தோம். "கவனம் செலுத்தப்படும்" என்று பதில் வந்தது. என்ன பிழை?

கேள்வியே "ஆம்" என்ற பதிலுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நடவடிக்கை எடுப்பீர்களா என்று கேட்டால் எந்த அமைச்சரும் இல்லை என்று சொல்ல மாட்டார். எண்ணையும் திகதியையும் தொகையையும் கேட்க வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் கேள்விகள் வரும் அமைப்பிலேயே அதே விடயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"(அ) (i) குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலான சேவைக்கென அரசுக்குச் சொந்தமான பயணிகள் படகுகள் எத்தனை என்பதையும், (ii) அவற்றில் இன்று ஓடும் நிலையில் உள்ளவை எவை என்பதையும், (iii) கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு படகும் பழுது காரணமாக எத்தனை நாட்கள் சேவையில் ஈடுபடவில்லை என்பதையும், (iv) திருத்த வேலைக்காக ஆண்டுவாரியாகச் செலவிடப்பட்ட தொகை எவ்வளவு என்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?"

இதில் மூன்றாவது உபபிரிவுதான் உயிர். படகு நின்ற நாட்களின் எண்ணிக்கை சபையில் வந்துவிட்டால், "சேவை தடையின்றி நடைபெறுகிறது" என்று அதற்குப் பிறகு எவரும் சொல்ல முடியாது. கடைசியில் வரும் "இன்றேல், ஏன்?" என்பதும் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. பதில் தர மறுத்தால் மறுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது.

பஸ்ஸுக்கு யார் பொறுப்பு, வீதிக்கு யார் பொறுப்பு என்றே புரியவில்லை. எல்லாவற்றுக்கும் போக்குவரத்து அமைச்சர்தானே?

இங்கேதான் பாதிக் கேள்விகள் பிழைத்துப் போகின்றன. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) மத்திய அரசுக்குரியது. அதன் சாலை (டிப்போ), சாரதி, பஸ் வண்டி பற்றிய கேள்வி போக்குவரத்து அமைச்சருக்குப் போகும். யாழ்ப்பாணம்–கொழும்பு போல மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதுவும் மத்திய அரசு. ஆனால் யாழ்ப்பாணம்–பருத்தித்துறை, யாழ்ப்பாணம்–காரைநகர் போல மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்கள் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கீழ் வருகின்றன. இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேரத்துக்கு வந்து முட்டிக்கொண்டு, பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றுமே வராமல் இருப்பதற்கு இந்த இரட்டை அதிகாரம் ஒரு முக்கிய காரணம். அதனால் இணைந்த நேர அட்டவணை பற்றிய கேள்வியை இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

வீதிகளில் ஏ, பி தரங்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தரங்கள் மாகாணத்துக்கும், சிறிய உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கோ மாநகர, நகர சபைக்கோ உரியவை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடும் "பாதை" என்ற மிதவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருப்பதால் அது வீதிக் கேள்வி. துறைமுகத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்டுப் பயனில்லை.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வசாவிளான்–பலாலி வீதி மூன்று தசாப்தங்களுக்கு மேல் மூடிக் கிடந்து, 2025 ஏப்ரலில் நேரக் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாடுகள் ஏன் என்ற கேள்வியைப் போக்குவரத்து அமைச்சரிடம் கேட்டால் அவரால் பதில் தர முடியாது. கட்டுப்பாட்டை விதித்தது பாதுகாப்புத் தரப்பு. ஆகவே கேள்வி பாதுகாப்பு அமைச்சுக்கே போக வேண்டும். அமைச்சுகளின் பொறுப்புகள் வர்த்தமானி மூலம் மாறுவதும் உண்டு. கேள்வி எழுதும் வாரத்தில் எந்த நிறுவனம் யார் கீழ் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அமைச்சர் "இது மாகாண சபைக்குரிய விடயம்" என்று சொல்லிவிட்டார். மாகாண சபையே இல்லையே, இனி எங்கே போவது?

மிகவும் நியாயமான கோபம். வடமாகாண சபைக்கு ஒரே ஒரு தேர்தல்தான் நடந்தது, 2013 செப்டெம்பரில். அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடக்கிறது. ஆளுநரிடம் சபையில் எழுந்து கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி எவரும் இல்லை. மேலே சொன்ன உள்ளூர் பஸ், சி தர வீதி எல்லாமே இந்த வெற்றிடத்தில்தான் கிடக்கின்றன. ஜனநாயகத்தில் இது சாதாரண குறை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

செய்யக்கூடியவை மூன்று. கேள்வியைப் பணத்தின் பக்கம் திருப்புங்கள்: வடமாகாணத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய நிதியில் இந்த வீதிக்கு எவ்வளவு, விடுவிக்கப்பட்டது எவ்வளவு என்று கேட்டால் "மாகாண விடயம்" என்று தட்டிக் கழிப்பது கடினம். இரண்டாவது, மாவட்டச் செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். அங்கே மாகாண அதிகாரிகளும் எம்.பி.க்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். மூன்றாவது, மாகாணத் திணைக்களத்திடம் நேரடியாகத் தகவல் கோருவது. அதைக் கீழே விளக்கியிருக்கிறேன். தேர்தல் எப்போது என்ற கேள்வியையும் ஒவ்வொரு ஆண்டும் விடாமல் கேட்பிக்க வேண்டும்.

"விடையளிக்க இரண்டு வாரகால அவகாசம் கோருகிறேன்" என்று அமைச்சர் சொன்னார். கேள்வி செத்துவிட்டதா?

இல்லை. அவகாசம் கோருவது வழமை. சில வேளை உண்மையாகவே தகவல் கச்சேரிகளிலிருந்து (மாவட்டச் செயலகங்களிலிருந்து) வந்து சேராமல் இருக்கும், சில வேளை இழுத்தடிப்பு. கேள்வி மீண்டும் ஒழுங்குப் பத்திரத்துக்கு வரும். அன்று எம்.பி. சபையில் இருக்கிறாரா என்பதே முக்கியம். அவர் இருந்தால்தான் துணைக் கேள்வி கேட்க முடியும். எழுதிய பதிலில் விடுபட்டது பெரும்பாலும் துணைக் கேள்வியில்தான் வெளியே வரும். விடை நீளமாக இருந்தால் அமைச்சர் அதை வாசிக்காமல் சபாபீடத்தில் வைத்துவிடுவார். அப்போது தொலைக்காட்சியில் ஒன்றும் தெரியாது, ஹன்சாட்டில் தேடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும்போது எம்.பி.யை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் கோரிக்கை கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதற்குப் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

இருக்கிற பத்திரத்தை எடுக்க அந்தச் சட்டம் போதும். "ஏன் இப்படித் தீர்மானித்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள்" என்று கொள்கையைக் கேட்க பாராளுமன்றமே இடம். முதலில் தகவலைக் கோரிப் பெற்று, அந்தத் தாளை எம்.பி.யின் கையில் கொடுத்துக் கேட்பிப்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் முறை. கையில் தாள் இருந்தால் அமைச்சரின் பதிலை அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரயில் பற்றி என்ன கேட்பது? ரயில் வந்துவிட்டதுதானே?

வந்தது. 1990 ஜூனில் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. அதன் பிறகும் மாகோ–ஓமந்தைப் பாதைத் திருத்தத்துக்காக 2023 இலும் 2024 இலும் மாதக்கணக்கில் சேவை நின்றது. கேட்க வேண்டியவை அங்கேயே இருக்கின்றன. திருத்தத்துக்குப் பின் பயண நேரம் எத்தனை நிமிடம் குறைந்தது? எந்த இடங்களில் இன்னமும் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது?

என் மனதை அதிகம் உறுத்துவது பாதுகாப்பற்ற ரயில் கடவைகள். வடக்குப் பாதையில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ரயிலில் அடிபட்ட செய்தியை வாசிக்காத ஆண்டே இல்லை. பொலிஸ் ஊடாகச் சேர்க்கப்பட்ட கடவைக் காப்பாளர்கள் சொற்பக் கொடுப்பனவோடு வேலை செய்து, நிரந்தர நியமனம் கேட்டுப் பல தடவை போராடினார்கள். ஓமந்தை முதல் காங்கேசன்துறை வரை கடவைகள் எத்தனை, தடுப்பு உள்ளவை எத்தனை, காப்பாளர் உள்ளவை எத்தனை, ஆண்டுவாரியாக மரணங்கள் எத்தனை என்று நான்கு உபபிரிவாகக் கேட்டால் அந்தப் பட்டியலே ஒரு வேலைத்திட்டம் ஆகிவிடும்.

விமானமும் கப்பலும்?

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை 2020 இல் நின்று 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. திறப்பு விழாவைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. வரி, கட்டணம், ஓடாத நாட்கள் ஆகியவற்றைக் கேளுங்கள்.

மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மின்சக்தி அமைச்சரிடம் கேட்டால் குறைப்பாரா?

கட்டணத்தைத் தீர்மானிப்பது அமைச்சர் இல்லை. மின் வழங்கும் தரப்பு முன்மொழியும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கும். மின்சார சபை கட்டணத்தை மாற்றாமல் விடக் கோரியிருந்தும், 2025 ஜனவரியில் ஆணைக்குழு 20 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூட்டியது. அதற்கு முன் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியதை எந்தக் குடும்பமும் மறந்திருக்காது.

ஆகவே கட்டணத்துக்கு ஆணைக்குழுவின் கருத்துக் கேட்டல் அமர்வில் எழுத்திலும் நேரிலும் சொல்லுங்கள். எம்.பி. ஊடாக அமைச்சரிடம் கேட்க வேண்டியது கொள்கை: எந்த எரிபொருளில் எவ்வளவு மின்சாரம், ஏன் அதை வாங்கினீர்கள், வடக்கின் காற்றையும் வெயிலையும் எப்போது முழுமையாகப் பயன்படுத்தப் போகிறீர்கள். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025 இல் செய்த திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தவை. இனிமேல் "மின்சார சபை" என்று பொதுவாக எழுதாமல் உற்பத்தியா, செலுத்துகையா, விநியோகமா என்று பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு கம்பனி மற்றதைக் கை காட்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் என்ன ஆனது? பேப்பரில் எத்தனை வருடமாகப் படிக்கிறோம்!

தேசிய மின்கம்பி எட்டாத இந்தத் தீவுகள் டீசல் பிறப்பாக்கியை நம்பி இருந்தவை. காற்றும் சூரியனும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுக்க முடிவாகியது. இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது, திட்டம் நின்றது. பிறகு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை தர முன்வந்து, 2024 மார்ச்சில் இந்தியக் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. திட்டத்தில் 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 2,400 கிலோவாட்-மணி மின்கலம், அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் ஆகியவை அடங்கும்.

இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே தீவுச் சனம் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இந்தத் தாமதத்தின் செலவை யாரும் கணக்கிட்டுச் சொன்னதை நான் கேட்டதில்லை. அதையே கேள்வியாக்குங்கள்: 2021 முதல் இன்றுவரை மூன்று தீவுகளிலும் டீசலுக்குச் செலவான தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு? ஒப்பந்தப்படி ஒவ்வொரு தீவிலும் வேலை முடிய வேண்டிய திகதி எது? அந்தத் திகதி தவறினால் யார் பொறுப்பு?

பூநகரியில் காற்றாலை வரும் என்றார்கள், பிறகு போய்விட்டது என்றார்கள். எதை நம்புவது?

மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் அதானி குழுமத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைக்கு 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விலை கூடுதல் என்று எதிர்ப்பு இருந்தது. மன்னாரில் பறவைகளின் வழித்தடம், வெள்ள வடிகால் பற்றியும் மக்கள் அஞ்சினார்கள். புதிய அரசாங்கம் விலையை மீளப் பேச முற்பட்டபோது, 2025 பெப்ரவரியில் அந்தக் குழுமம் விலகிக்கொண்டது. பூநகரி எங்கள் தேர்தல் மாவட்டத்துக்குள் இருப்பதால் இது எங்கள் எம்.பி.க்களின் நேரடிப் பொறுப்பு. அந்தக் காணி இப்போது யார் கையில், அடுத்த கேள்விப்பத்திரம் (டெண்டர்) எப்போது, ஊர் மக்களிடம் கருத்து எந்தக் கட்டத்தில் கேட்கப்படும்? ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு கேட்டுப் பயனில்லை, முன்பே கேட்க வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது. இனியும் பாராளுமன்றத்தில் கேட்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சுன்னாகம் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது தொடர்பான அடிப்படை உரிமை மனுவில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குடாநாட்டில் பெரிய ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் குடிநீர். அதற்குள் எண்ணெய் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது.

தீர்ப்பு வந்ததும் வழக்கு முடிகிறது, கிணறு சுத்தமாவதில்லை. பணம் எத்தனை குடும்பங்களுக்குப் போனது, எந்தக் கிணறுகள் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன, முடிவுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பது நீதிமன்றத்தில் தலையிடுவதாகாது. தீர்ப்பை நிறைவேற்றியதைக் கண்காணிப்பது சட்டமன்றத்தின் வேலை.

செம்மணிப் புதைகுழி வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அதைப் பற்றிச் சபையில் கேட்கவே கூடாது என்கிறார்களே?

முழுக்க அப்படி இல்லை. நீதிமன்றத்தின் முன் இருக்கும் விடயத்தில் அதன் முடிவைப் பாதிக்கும் விதத்தில் பேசக் கூடாது என்ற விதி இருக்கிறது, அது தேவையான விதி. யார் குற்றவாளி, எந்த எலும்புக்கூடு யாருடையது என்பவை நீதிமன்றத்துக்குரியவை.

செம்மணியின் கதை நீண்டது. 1996 இல் படையினரால் கொல்லப்பட்ட மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் வழக்கில் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் 1998 இல் சொன்ன தகவலைத் தொடர்ந்து 1999 இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அதன் பின் விசாரணை தூங்கியது. 2025 பெப்ரவரியில் செம்மணியை அடுத்த அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காக நிலத்தை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அந்த ஆண்டு செப்டெம்பருக்குள் 200 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப் பை ஒன்றும் கிடந்தது.

அகழ்வை நடத்துவது நீதிமன்றம். அதற்குப் பணம் தருவது நீதி அமைச்சு. பணம் வராவிட்டால் அகழ்வு நிற்கும். எவ்வளவு கோரப்பட்டது, எவ்வளவு கிடைத்தது, எந்தத் திகதியில்? மரபணுப் பரிசோதனைக்கு என்ன ஏற்பாடு? சட்ட மருத்துவ நிபுணர் பதவிகளில் வெற்றிடம் எத்தனை? இவற்றுக்கு எந்த விதியும் தடையில்லை. "வழக்கு நடக்கிறது" என்று ஓர் அமைச்சர் இவற்றையும் தட்டிக் கழித்தால், எம்.பி. அங்கேயே எழுந்து நிதி பற்றித்தான் கேட்கிறேன் என்று சபாநாயகரிடம் சொல்ல வேண்டும்.

என் மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டான். அவன் பெயரைச் சொல்லி எம்.பி. கேட்கலாமா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இருப்பவர்களைப் பற்றியும் கேட்கலாமா?

கேட்கலாம், அம்மா. ஆனால் ஒரு தனிப் பெயருக்கு "விசாரணை நடைபெறுகிறது" என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கே கொடுத்த முறைப்பாட்டின் இலக்கத்தோடு, யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களிலிருந்து வந்த முறைப்பாடுகள் எத்தனை, விசாரித்து முடித்தவை எத்தனை, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று குடும்பத்துக்கு எழுத்தில் சொன்னவை எத்தனை என்று கேட்பிப்பது பலமானது. கடைசி எண்ணைத்தான் அவர்கள் சொல்லத் தயங்குவார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022 திருத்தம் தடுப்புக் கட்டளையின் உச்ச காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. நீக்குவோம் என்ற வாக்குறுதியைப் பல அரசாங்கங்கள் தந்திருக்கின்றன. ஒவ்வொரு சிறையிலும் இச்சட்டத்தின் கீழ் இருப்பவர்கள் எத்தனை, அவர்களில் ஐந்து ஆண்டுக்கு மேல் வழக்கு முடியாதவர்கள் எத்தனை என்று கேட்க வேண்டும். குறித்த ஒருவர் மீது வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பது சட்டமா அதிபரின் தீர்மானம். நீதி அமைச்சர் அதில் கட்டளையிட முடியாது. எண்ணிக்கையையும் தாமதத்தையும் அமைச்சரிடம் கேட்கலாம்.

அரசாங்கக் கட்சி எம்.பி. தன் அமைச்சரையே கேட்பாரா?

விதி அனுமதிக்கிறது. மென்மையான கேள்வியாகக் கேட்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் நிதி ஒதுக்கீடு போன்ற விடயங்களில் அவர்களுக்கு அமைச்சின் கதவு திறந்திருக்கும். ஒரே கேள்வியை அரசாங்க உறுப்பினர் ஒருவருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கும் எழுத்தில் கொடுங்கள், மற்றவருக்கும் கொடுத்திருப்பதை இருவரிடமும் சொல்லிவிடுங்கள். வரவுசெலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் அமைச்சு வாரியாகப் பணத்தைப் பேசும் நாட்கள் வரும். அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

அமைச்சர் சொன்ன பதில் பொய் என்று எங்கள் கண்ணுக்கே தெரிகிறது. என்ன செய்வது?

ஹன்சாட் பக்கத்தையும் திகதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டதைப் படம், திகதி, கையொப்பமிட்ட கடிதம் என்று சேருங்கள். தகவல் கோரிக்கையில் வந்த தாள் இருந்தால் அதுவே சிறந்த ஆதாரம். எம்.பி. சபையைத் தவறாக வழிநடத்தியதாகச் சிறப்புரிமைப் பிரச்சினை எழுப்பலாம், அல்லது முந்திய பதிலைக் குறிப்பிட்டுப் புதிய கேள்வி கொடுக்கலாம். பெரும்பாலான பதில்கள் முழுப் பொய்யாக இருப்பதில்லை. திணைக்களம் மேலே அனுப்பிய பழைய தகவலை அமைச்சர் அப்படியே வாசித்திருப்பார். புதிய கேள்வி வந்தால் அந்தத் திணைக்களம் இரண்டாம் தடவை கவனமாக எழுதும்.

நான் கனடாவில் இருக்கிறேன். நான் கேட்பிக்கலாமா?

எம்.பி.க்கு எழுத எவருக்கும் தடையில்லை. தகவல் அறியும் உரிமை பிரசைகளுக்குரியது. இரட்டைப் பிரசாவுரிமை உங்களிடம் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் படகில் தினமும் போகிறவரும் கிணற்று நீரைக் குடிக்கிறவரும் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

நான் விவரம் கொடுத்ததால் வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்தால்?

வீண் பயம் என்று இதை ஒதுக்க மாட்டேன். இங்கே பலருக்கு அந்த அனுபவம் உண்டு. 1953 ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டம் சபையில் பேசும் உறுப்பினரைக் காக்கிறது. அவருக்குத் தகவல் கொடுத்த உங்களை அதே அளவில் காக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆகவே உங்கள் பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். தனி ஆளாகக் கொடுக்காமல் சனசமூக நிலையம், கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், ஆலய நிர்வாகம் என்று ஓர் அமைப்பின் பெயரில் கொடுங்கள். மூலப் பத்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுங்கள். யாராவது வந்து விசாரித்தால் திகதி, நேரம், வந்தவர் சொன்ன பெயர் ஆகியவற்றைக் குறித்து, அன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் அந்த எம்.பி.யிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.